வந்தோரும் இருந்தோரும்

‘அகதி’ என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! கதி என்றால் போக்கிடம்; போக்கிடம் அற்றவன் அகதி. வடமொழி வழிவந்த இச்சொல்லுக்கு ஈடாகத் தனித்தமிழ் அன்பர்கள் ‘ஏதிலி’ என்னும் சொல்லை வழங்கினர். பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார். சிற்சில இடங்களில் பகைவர் என்றும் பொருள்படும். புகலிடம் தேடி வந்தவரைக் குறிக்க நாம் தேர்ந்தெடுத்த சொல்லே ‘நமக்கு உறவில்லாதவர்’ என்னும் பொருளையும் சுமந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கும் இங்கே வழிவழியாக வாழ்ந்தவர்களுக்கும் இடையே கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை எண்ணும்போது, அச்சொல்லின் இரு பொருள்களும் மாறி மாறித் தலைகாட்டுவதை நாம் காண்கிறோம்.

இந்த வட்டாரம் வந்தாரை வரவேற்பதற்குப் பெயர் பெற்ற வட்டாரம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய ஓய்மாநாடு இதுவே. அதன் தலைவனான நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, வறுமையால் வாடும் பாணர் குடும்பம் ஒன்றை அவனுடைய ஊர்களின் வழியே அழைத்துச் செல்கிறது. அந்நூலின் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடும், கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் ஆராய்ச்சியாளர் பொருத்திக் காட்டியுள்ளனர். கடற்கரையில் பரதவர் மீன் தருகின்றனர். வேலூரில் எயினர் சோறு தருகின்றனர். ஆமூரில் உழவர் விருந்து வைக்கின்றனர். யாரென்று கேளாமல் உணவிடும் குடிகள் அவர்கள். படிக்கப் படிக்க நமக்குப் பெருமை பொங்குகிறது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. பாணன் மறுநாள் புறப்பட்டுவிடுவான். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் மூலப்பொருள். புதியவராய் வந்து, உண்டு, நல்ல பெயரோடு போய்விடுகிறவருக்குச் சோறிடுவது எளிது. வந்தவர் போகவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு ஓய்மாநாட்டு இலக்கியத்தில் விடையில்லை. அதே மரக்காணம் கடற்கரையில், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் கேள்வி எழுந்தது.

இந்நூற்றாண்டுக்கும் சென்ற நூற்றாண்டுக்கும் இடப்பெயர்வு புதிதன்று. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும், 1960-களில் அங்கிருந்து மீண்டும் வெளியேற்றப்பட்டவர்களும் தமிழகத்தின் பல ஊர்களில் குடியேறினர். அருகிலிருக்கும் புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குச் சென்று வணிகம் செய்தவர்களுள் முஸ்லிம்களும் பலர். அவர்களிற் சிலரும் வெறுங்கையோடு திரும்பியவர்களே. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாடு, இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதிவைத்தது. அத்தொழிலாளரை ஒருவரும் கேட்கவில்லை. இவர்களெல்லாம் ‘தாயகம் திரும்பியோர்’ எனப் பெயர் பெற்றனர். திரும்பிய தாயகம் அவர்களுக்குத் தெரியாத நாடாக இருந்தது என்பது வேறு கதை.

1983 சூலை இறுதியில் கொழும்பு எரிந்தது. அரசுக் கணக்கின்படி 1983 சூலை 24 முதல் 1987 முடிய 1,34,053 பேர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். தமிழகமே அப்பொழுது கொதித்தெழுந்து நின்றது. கடையடைப்பும் ஊர்வலமும் உண்டியலும் இல்லாத ஊர் இல்லை. மண்டபத்தில் பெயர் பதிந்து, பின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மண்டபம் முகாமின் வரலாறும் நினைக்கத்தக்கது; இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களைத் தடுத்து வைத்து நோய்ச் சோதனை செய்த இடமாக அது முன்பு இருந்தது. போகும்போது எந்த வாசலில் நின்றார்களோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரும்போதும் அதே வாசலில் நின்றனர்.

1987 சூலை 29-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஏற்பட்டதும் ஏறத்தாழ 25,000 பேர் திரும்பினர். போர் மீண்டது. 1989 ஆகஸ்டு முதல் 1991 ஏப்ரல் வரை 1,22,078 பேர் வந்தனர். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் முகாம் அமைந்தது இந்த இரண்டாம் அலையின் காலத்தில்தான். அவ்வூர் அய்யனார் கோவிலும், அதைச் சூழ்ந்த பழங்காடும் தென்னார்க்காடு முழுவதும் அறிந்தவை. விழுப்புரம் அப்பொழுது தனி மாவட்டம் ஆகவில்லை, 1993-இல்தான் ஆயிற்று. இராமேசுவரத்திலிருந்து எழும்பூர் செல்லும் தொடர்வண்டிகள் விழுப்புரம் சந்திப்பில் நிற்கும்போது, மூட்டைகளோடும் கைக்குழந்தைகளோடும் இறங்கிய குடும்பங்களை நாமும் பார்த்திருக்கிறோம். நடைமேடைக் கடைக்காரர்கள் தேநீருக்குக் காசு வாங்க மறுத்ததையும் பார்த்திருக்கிறோம்.

1991 மே 21-ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். திண்டிவனத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் நிகழ்ந்த கொலை அது. அந்த ஓர் இரவுக்குப் பின் எல்லாம் மாறிற்று என்று எழுதுவது மிகையாகாது. முகாமுக்கு வெளியே வாழ்ந்த ஈழத்தவர் அனைவரும் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்தது. முகாம்களில் தலைக்கணக்கு எடுக்கும் வழக்கம் இறுகியது. கல்லூரிகளில் அவர்களுக்கென்று வைத்திருந்த இடங்கள் நீக்கப்பட்டன. 1996-இல்தான் அவை மீண்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதும் தடைப்பட்டது. 1992 முதல் 1995 வரை 54,188 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று பார்ப்பதற்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தை 1992-இல் சென்னையில் அனுமதித்தனர். அனுமதிக்க நேர்ந்ததே, ஐயம் எந்த அளவுக்கு இருந்தது என்பதைக் காட்டும்.

கொலைக்கும் முகாமில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த கிழவிக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது. திண்டிவனத்தில் நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், இரும்புக் கடை வைத்திருந்த பாய், தம் வீட்டின் பின்கட்டைத் திருகோணமலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மே மாதம் முடிவதற்குள் தெருவார் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் நம்மிடம் வந்து, “தம்பி, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க” என்று கேட்டார். “கொஞ்ச நாளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்பதே நாம் சொன்ன விடை. அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அதன் பின் அவர் செய்ததைப் பின்னால் சொல்லுவோம்.

நம்பிக்கை என்பது ஏன் அவ்வளவு விரைவில் உடைந்தது? கொலை ஒரு காரணம். அது மட்டும் காரணமன்று. அதற்கு முன்னரே சிறு சிறு மனத்தாங்கல்கள் சேர்ந்துகொண்டிருந்தன. முகாமில் உள்ளவர்க்கு அரசு கிலோ 57 காசுக்கு அரிசி தந்தது. ஊரிலுள்ள கூலிக்காரனின் குடும்ப அட்டைக்கு அதைவிடப் பன்மடங்கு விலை இருந்த காலம் அது. முகாம் ஆடவர் பலரும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குச் சென்றனர்; தமிழகம் முழுவதும் இன்றளவும் அவர்களுடைய முதன்மையான தொழில் அதுவே. அவர்கள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர் குறைப்பட்டனர். மாலைக்குள் திரும்பிக் கணக்குக்கு நிற்கவேண்டியவன் கூலியைப் பற்றி எவ்வாறு பேரம் பேசுவான் என்பதை எண்ணியவர் குறைவு. பத்தடிக்குப் பத்தடி அறையில் பெண் பிள்ளைகளோடு வாழ்பவர்களைப் பார்த்து, ‘அரசாங்கச் சோறு’ என்று பேசிய நாக்குகளும் இந்த மாவட்டத்து நாக்குகளே.

மற்றப் பக்கத்தையும் நோக்குவோம். வந்தவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை இருந்ததா? யாழ்ப்பாண மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதர் உள்ளத்தை மட்டுமின்றிச் சமுதாயம் முழுவதையும் புண்படுத்துகிறது என்று எழுதினார். ‘மனவடு’ என்று தமிழில் அதற்குப் பெயர். காட்டிக்கொடுப்போர் எங்கும் இருக்கக்கூடும் என்ற அச்சத்தில் வாழ்ந்த மக்கள் வாய் மூடப் பழகுகிறார்கள். யாரையும் ஐயுறப் பழகுகிறார்கள். குண்டு விழாத இடத்துக்கு வந்த பின்னும் அப்பழக்கம் போவதில்லை. ‘இவர்கள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள், எதையும் சொல்வதில்லை’ என்று நம் ஊரார் கருதியது செருக்கு அன்று, புண். வாய் திறக்காதவனைக் கண்டு நாம் ஐயுற்றோம். நாம் ஐயுறுவதைக் கண்டு அவன் இன்னும் இறுக வாயை மூடினான்.

இப்புண்ணை ஆற்றும் பணிக்கு இன்று ‘உளசமூக ஆதரவு’ என்று பெயர் வழங்குகிறது. பெயர் சற்றுக் கரடுமுரடானது, பொருள் எளியது. உள்ளத்துக்குத் தனியே மருந்து கொடுத்துச் சமூகத்தை அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை என்பதே அதன் சாரம். ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடிய நிலைக்குழு 2007-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனை ஒரு கூர்ங்கோபுரமாக வரைந்து காட்டுகின்றன. உச்சியில் மருத்துவர் இருக்கிறார். அவரை நாடவேண்டியவர் மிகச் சிலரே. அடித்தளத்தில் இருப்பவை உணவும் உறைவிடமும் பாதுகாப்பும், அவை மானம் கெடாதவாறு கிடைப்பதும். அதற்கு மேலே குடும்பமும் அக்கம்பக்கமும். நம் பாட்டிமார் இதை வரைபடம் இல்லாமலே அறிந்திருந்தனர் என்று சிலர் நகைக்கலாம். அறிந்திருந்தனர்தாம், ஆனால் முகாம் என்ற ஒன்றை நம் பாட்டிமார் கண்டதில்லை. வேலியிட்டு, எண்ணிட்டு, மக்களை வைக்கும் இடத்தில் அக்கம்பக்கம் தானாக வளராது.

இதில் ஈழத்தவர் தமக்குத் தாமே செய்துகொண்டவை பெரிது. தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் வாழ்ந்தவர்களையே ஆசிரியராகவும் நலப்பணியாளராகவும் உளவளத் துணையாளராகவும் பழக்கியது. வெளியிலிருந்து வல்லுநர் வந்து ‘உங்களுக்கு என்ன கவலை?’ என்று கேட்பதைவிட, அதே அலையில் அதே படகில் வந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்வது வேறு. இயேசு சபையாரின் அகதிகள் பணிக்குழுவும் மாலை வகுப்புகள் நடத்தியது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, கழகத்தின் தொண்டர்கள் நாகப்பட்டினம் கடற்கரைக்குச் சென்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் மீனவத் தாய்மாரோடு உட்கார்ந்தனர். கையேந்தி நிற்பவர் என்று நாம் கருதியிருந்தவர்கள் நமக்கு ஆறுதல் சொல்ல வந்தனர். இழப்பு இன்னதென்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியிருக்கவில்லை. நம்பிக்கையைப் பற்றி எழுதுவோர் ஆயிரம் கருத்தரங்குகளைக் குறிப்பிடலாம். நாம் இந்த ஒரு நிகழ்ச்சியையே முன்வைப்போம்.

பள்ளிக்கூடத்தையும் சொல்லவேண்டும். முகாம் பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே படித்தனர். வீட்டில் ‘கதைத்தவர்கள்’ பள்ளியில் ‘பேசினார்கள்’. வீட்டில் ‘ஓம்’ என்றவர்கள் வெளியே ‘ஆமாம்’ என்றார்கள். ஒரே வாயில் இரண்டு தமிழ் வைத்துக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். தென்னார்க்காட்டுப் பிள்ளைகள் அந்தத் தமிழைக் கேலி செய்ததும் உண்டு. பின்னர் அதையே விளையாட்டாகப் பேசிப் பழகியதும் உண்டு. ஒரே விசிறியின் கீழ் பத்தாண்டு அமர்ந்தவர்களிடம் வதந்தி எளிதில் எடுபடாது.

இவ்விடத்தில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றையும் நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30-ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடும் நகையும் இழந்து தெற்கே நடந்தனர். மன்னார் எருக்கலம்பிட்டியினர் படகேறிக் கற்பிட்டிக்குப் போயினர். பெரும்பாலோர் தங்கியது புத்தளத்தில். வரவேற்றவர்களும் முஸ்லிம்கள், வந்தவர்களும் முஸ்லிம்கள். மொழியும் ஒன்று, தொழும் திசையும் ஒன்று. புத்தளத்தார் சோறு வடித்தனர், தென்னந்தோப்புகளைத் திறந்துவிட்டனர், பள்ளிக்கூடங்களைக் கொடுத்தனர். அங்கும் சில ஆண்டுகளில் அதே மனத்தாங்கல்கள் எழுந்தன. கிணற்று நீர் போதவில்லை, கூலி இறங்கியது, பள்ளியில் இடமில்லை, அரச வேலைகள் வந்தவர்களுக்குப் போகின்றன, அவர்களுடைய வாக்குகள் நம் தொகுதியை மாற்றுகின்றன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையையும் ‘அகதி’ என்றே அழைத்தனர். ஆகவே, இனமும் மதமும் ஒன்றாயிருந்தால் நம்பிக்கை தானே விளையும் என்று எண்ணுவது பிழை. ‘தமிழர் தமிழரை ஏற்கமாட்டார்களா’ என்று 1983-இல் மேடைகளில் முழங்கியவர்கள் இதனை அறிந்திருக்கவில்லை.

புத்தளத்தில் பயன்பட்டது எது? 2007-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய வீட்டுத் திட்டம், வந்தவர்க்கு மட்டுமின்றிச் சுற்றியிருந்த ஏழைக் குடிகளுக்கும் வீட்டுக்கும் குடிநீருக்கும் வழி செய்தது. ஒரே குழாயில் இரு சாராரும் குடம் நிரப்பினர். 57 காசு அரிசியால் நம் ஊரில் விளைந்த பொறாமைக்கு மாற்று இதுதான். பொருளின் அளவு பெரிதன்று. வேலியின் இருபுறமும் அது சென்றதா என்பதே பெரிது. வெளியேற்றியவர்களிடமிருந்தும் ஒரு சொல் வந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில், அவ்வெளியேற்றத்துக்காக அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த சொல் யாருடைய வீட்டையும் மீட்டுத் தரவில்லை. ஆயினும், அச்சொல் வராமலே இருந்திருந்தால், 2009-இல் போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்கள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவது இன்னும் கடினமாயிருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ‘பெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையேறியது. பின்னதில் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்றுக்கும் வெள்ளத்துக்கும் குடும்ப அட்டையின் நிறம் தெரியாது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் அடக்கம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியதும் அப்பொழுதே. அத்துறையை அப்பொழுது வகித்தவர் நம் மாவட்டத்துச் செஞ்சியைச் சேர்ந்த மஸ்தான் என்பதைச் செய்தியாகக் குறிக்கிறோம். 2024 செப்டம்பர் வரை அவர் பொறுப்பில் இருந்தார். கீழ்ப்புத்துப்பட்டிலும் பழைய குடியிருப்புகளுக்கு மாற்றாகப் புது வீடுகள் எழுந்தன.

வீடு கிடைத்தது, நாடு கிடைத்ததா? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. குற்றவாளி அல்லர் என்பது வரைக்கும் வந்தாயிற்று. குடிமகன் என்பது இன்னும் வரவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, உள்ளூரிலேயே மணம் புரிந்தவர்களும் தம் பிள்ளைகளுக்கு எந்த நாட்டின் பெயரைச் சொல்வது என்று திகைக்கின்றனர். உளவளத் துணையாளர் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும், நாளைக்கு இவ்விடம் நமக்கு உண்டா என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. அயலாருக்கும் இது பொருந்தும். போய்விடப் போகிறவர் என்று நாம் எண்ணுமளவும் யாரோடும் முழு உறவு கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. பெண் கொடுக்கவும் கடன் கொடுக்கவும் தயங்குகிறோம்.

இரும்புக் கடை பாயின் செய்தியைச் சொல்லி முடிப்போம். நம்மிடமிருந்து எழுந்து போனவர், மறுநாள் காலை அக்குடும்பத்தின் மூத்த பெண்மணியையும் அவருடைய மகனையும் தாமே காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுதியதும், ‘இவர்களை எனக்குத் தெரியும்’ என்று தம் கையெழுத்தையும் போட்டார். தெருவில் கேட்டவர்களுக்கு, “என் வீட்டுல இருக்காங்க, என்ன வேணும்னாலும் என்னையே கேளுங்க” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. சில மாதங்கள் அவர் கடைக்கு வருவோர் தொகை குறைந்திருந்தது. பிறகு அதுவும் சரியாயிற்று. நாம் அவரிடம் சென்று நம் பிழையை ஒத்துக்கொள்ள ஓராண்டு பிடித்தது. அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

1994-இல் அக்குடும்பம் திருகோணமலைக்குத் திரும்பியது. போகும்போது தேங்காய் துருவும் கருவி ஒன்றை விட்டுச் சென்றனர். அவர்கள் அதைத் ‘திருவலை’ என்பார்கள். பாய் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. அவருடைய பேத்திமார் இன்றும் அடுக்களையில், “அந்தத் திருவலையை எடு” என்றுதான் சொல்லுகின்றனர். அது யாருடைய சொல் என்று அவர்களுக்குத் தெரியாது.